நாடி கிடைக்காத இடது கை: தமனி அழற்சி பற்றி ஒரு தாய்மாமனுக்குப் பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அக்கா மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு 23 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு வருடமாகவே அசதி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், எடைக் குறைவு. ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறாள். கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் இரண்டு நிமிடத்தில் இடது கை கடுத்துப்போய்த் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு ரத்ததான முகாமில் இடது கையில் பிரஷர் பார்த்த நர்ஸ், கருவிதான் கோளாறு என்று நினைத்து வலது கைக்கு மாற்றிப் பார்த்தபோது 170 காட்டியிருக்கிறது. அதன்பிறகு கோவையில் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுத்து, 'தகயாசு ஆர்ட்டரைட்டிஸ்' (பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கும் ஒருவகைத் தமனி அழற்சி) என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் பெண்ணின் முகம் உப்பிவிட்டது.

அவருடைய கேள்விகளை அவர் எழுதியபடியே தருகிறேன்: "இது ஹார்ட் அடைப்பு மாதிரி தானுங்களா? ஸ்டென்ட் வெச்சா முடிஞ்சு போயிருமில்லைங்களா, டாக்டர் ஏன் இப்ப வேண்டாங்கறாரு? இந்த மாத்திரைய நிறுத்திட்டு நாட்டு மருந்து பாக்கலாமுங்களா? புள்ளைக்குக் கல்யாணம் பண்ணலாமுங்களா?"

வாத நோய்ப் (ருமட்டாலஜி) பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக இத்தகைய நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. முதல் கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே புரிந்துவிடும் என்பதால், அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் கோபிக்காரர். கீழ்பவானி வாய்க்கால் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 200 கிலோமீட்டர் ஓடும் மண்வாய்க்கால். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, வாய்க்காலுக்குள் வண்டலும் குப்பையும் சேர்ந்து தூர்ந்து போயிருக்கும். இன்னொன்று, உள்ளே குப்பை எதுவும் இல்லை. கரையே ஊறிப் பெருத்து உள்பக்கமாகச் சரிந்து, ஓடும் வழியைக் குறுக்கியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், கடைமடை வயல் காய்கிறது. ஆனால் முதலாவதற்குத் தூர் வாரினால் போதும். இரண்டாவதற்குத் தூர் வாரினால் அடுத்த வாரமே கரை மறுபடி சரியும். ஊறலை நிறுத்திக் கரையைக் கெட்டிப்படுத்திய பிறகுதான் உள்ளே கைவைக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கு, புகைப்பவர்களுக்கு வரும் வழக்கமான மாரடைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. கொழுப்புப் படிந்து குழாய் அடைபடுகிறது. (அந்தப் படிவிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான், ஆனாலும் அங்கே தலைமை ஏற்பது கொழுப்பு.) உங்கள் அக்கா மகளுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. இருபத்து மூன்று வயதில் கொழுப்பு அடைக்கவில்லை. தமனியின் சுவரே வீங்கியிருக்கிறது.

தமனி என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. ரத்தம் தொட்டு ஓடும் மெல்லிய உள்ளடுக்கு, தசையும் நெகிழ்வுநாரும் உள்ள நடு அடுக்கு, வெளியே போர்வை போன்ற ஓரடுக்கு. பெரிய தமனிகளின் சுவர் தடிமனானது. அந்தச் சுவருக்கே சோறு ஊட்ட மிகச் சிறிய ரத்தக்குழாய்கள் வெளியிலிருந்து உள்ளே நுழைகின்றன. தகயாசு நோயில் கிருமியோடு சண்டை போடவேண்டிய வெள்ளணுக்கள், எந்தக் கிருமியும் இல்லாமலேயே, பெரும்பாலும் இந்தச் சிறு குழாய்களின் வழியாகச் சுவருக்குள் புகுந்துவிடுகின்றன. அங்கே வீக்கம் உண்டாகிறது. நடு அடுக்கின் நெகிழ்வுநார் சிதைகிறது. சிதைந்ததை ஆற்ற உடம்பு முயலும்போது தழும்பு உருவாகி, சுவர் தடித்து, உள்வழி சுருங்குகிறது. சில இடங்களில் இதற்கு நேர்மாறாகச் சுவர் பலவீனப்பட்டுப் பலூன் போலப் புடைக்கவும் செய்யும்.

இதன் முதல் கட்டத்தில் குழாய் இன்னும் சுருங்கியிருக்காது. அசதி, மாலைக் காய்ச்சல், மேல்வலி, எடைக்குறைவு, ரத்தச்சோகை இவ்வளவுதான் இருக்கும். சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும். டைபாய்டு என்றும் டி.பி. என்றும் ரத்தம் கம்மி என்றும் மாதக்கணக்கில் போய்விடும். பெண்பிள்ளை அசதி என்று சொன்னால் 'சரியாச் சாப்பிடறதில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது, நம் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. இந்த நோய் முக்கியமாக வருவது அந்த வயதுப் பெண்களுக்குத்தான், பெரும்பாலும் 40 வயதுக்குள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் போனதற்கு உங்களில் யாரும் குற்றவாளி இல்லை. பலருக்கு இதைவிட அதிக காலம் போயிருக்கிறது.

பெயர்க்காரணம் கேட்பீர்கள். மிகிட்டோ தகயாசு ஜப்பானியக் கண் மருத்துவர். 1908-ல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை கோத்தது போல ஒன்றோடொன்று விசித்திரமாகப் பிணைந்திருப்பதை அவர் விவரித்தார். அதைக் கேட்ட சக மருத்துவர்கள், தாங்கள் பார்த்த அதேபோன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். தலைக்குப் போகும் பெருங்குழாய்கள் சுருங்கியதால் கண் பட்டினி கிடந்து, புதுக் குழாய்களை முளைக்கவிட்டிருக்கிறது. பிற்காலத்தில் இதற்கு 'நாடியற்ற நோய்' என்றே ஒரு பெயர் வந்தது.

ஜப்பானியருக்குக் கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இந்திய நோயாளிகளிடம் வயிற்றுப்பகுதிப் பெருந்தமனியும் (இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மைக் குழாய்) சிறுநீரகத் தமனிகளும் பாதிக்கப்படுவது கூடுதல். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் அது, 'உடம்பில் பிரஷர் போதவில்லை' என்று தப்பாகப் புரிந்துகொண்டு, பிரஷரை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். 23 வயதில் 170 வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கக்கூடும். சி.டி. அறிக்கையில் சிறுநீரகத் தமனி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்தமுறை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இளவயதுக்காரர் யாருக்கு உயர் ரத்த அழுத்தம் வந்தாலும் மாத்திரை எழுதுவதற்கு முன் இரண்டு கையிலும் ஒரு காலிலுமாவது பிரஷர் பார்க்கவேண்டும் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளம் மருத்துவரிடமும் சொல்லிவருகிறேன். இரண்டு கைக்கும் இடையே 10 புள்ளிக்குள் வித்தியாசம் சாதாரணம். அதற்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். 20-ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். காலில் இயல்பாகவே கையைவிடக் கூடுதலாக இருக்கும். காலில் குறைந்திருந்தால் வயிற்றுப் பெருந்தமனியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இடது கைத் தமனி சுருங்கிய நோயாளிக்கு இடது கையிலேயே பிரஷர் பார்த்தால் '110, நார்மல்' என்று வரும். உள்ளே இதயமும் மூளையும் 180-ஐத் தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் பாதிக்கப்பட்ட ஒரு நோயாளியைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் 'லோ பிரஷர்' என்று உப்புக் கரைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். காலில் கட்டிப் பார்த்தபோது 200-க்கு மேல். இப்போதும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. ஆகையால் உங்கள் அக்கா மகளுடைய நோட்டில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: 'பிரஷர் வலது கையில் மட்டும் பார்க்கவும், இடது கை அளவை நம்பவேண்டாம்.' வலது கைத் தமனியும் ஸ்கேனில் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி ஸ்டென்ட் கேள்வி. வாய்க்கால் கதையை வைத்தே இதற்கு விடை சொல்லலாம். சுவரில் அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது பலூன் விட்டு விரித்தாலோ கம்பிவலை வைத்தாலோ, அந்தக் காயமே புதிய அழற்சியைத் தூண்டி, கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி சுருங்கும். ஆகவே முதலில் மருந்தால் அழற்சியை அடக்கிச் சில மாதங்கள் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விரிப்பதா, மாற்றுக்குழாய் வைப்பதா என்று யோசிப்போம். உங்கள் டாக்டர் 'இப்ப வேண்டாம்' என்றது சரியான முடிவு. அதைத் தயக்கம் என்றோ வசதியின்மை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விதிவிலக்குகள் உண்டு. சிறுநீரகத் தமனி மிகவும் சுருங்கி நாலைந்து மாத்திரைக்கும் பிரஷர் அடங்காவிட்டால், மூளைக்குப் போகும் ரத்தம் ஆபத்தான அளவு குறைந்தால், இதயத் தமனி பாதிக்கப்பட்டால், பெருந்தமனி புடைத்து வெடிக்கும் நிலைக்கு வந்தால் காத்திருக்க முடியாது. ஸ்டீராய்டு பாதுகாப்போடு செய்வார்கள். கையைப் பொறுத்தவரை அவசரம் அநேகமாக இருக்காது. பிரதான வாய்க்கால் குறுகினால் கசிவுநீர் பக்கவாட்டில் ஓடை பிடித்துக் கீழேயுள்ள கிணறுகளை நிரப்புவதில்லையா, அதைப்போல உடம்பும் தோளைச் சுற்றியுள்ள சின்னக் குழாய்களைப் பெரிதாக்கிக் கைக்கு ரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாடி கிடைக்காது, ஆனால் விரல்கள் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கும். எத்தனையோ பேர் கையில் எந்த ஆபரேஷனும் இல்லாமல் நல்லபடியாக வாழ்கிறார்கள்.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. பயப்பட நியாயம் இருக்கிறது, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பிரட்னிசலோன் என்கிற மாத்திரையை நோய் தீவிரமாக இருக்கும்போது தினம் 40 முதல் 60 மில்லிகிராம் வரை கொடுப்போம், எடையைப் பார்த்து. எரியும் அழற்சியை இவ்வளவு வேகமாக அடக்க இன்றுவரை இதற்கு நிகரான மருந்து இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் 15–20 மில்லிகிராமுக்கும், ஒரு வருடத்தில் 10-க்குள்ளும் கொண்டுவருவது இலக்கு. முகம் உப்புவது, பசி கூடுவது, முகப்பரு, தூக்கம் கெடுவது எல்லாம் அளவு குறையக் குறையத் தணியும். இப்போது கண்ணாடி பார்த்து அழுகிற பிள்ளையிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, 'என்ன அம்மிணி இப்படி ஊதிப்போயிட்ட' என்று கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மாத்திரையை ஒளித்துவைத்துக் குப்பையில் போட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் வாயை அடக்கவேண்டியது மாமனாகிய உங்கள் பொறுப்பு.

முகத்தைவிடக் கவனிக்கவேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. சர்க்கரை ஏறலாம், எலும்பு தேயலாம், கண்ணில் புரை விழலாம், தொற்று எளிதில் பிடிக்கலாம். அதனால்தான் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்து எழுதுகிறோம். சர்க்கரையை அடிக்கடி பார்க்கிறோம். தொடங்குவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, டி.பி. இருக்கிறதா என்று தேடுகிறோம். டி.பி. ஆஸ்பத்திரியான பெருந்துறை சானடோரியத்தின் பேரைக் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், டி.பி. நம்மை விட்டுப் போய்விடவில்லை. உறங்கிக்கிடக்கும் டி.பி. கிருமியை இந்த மருந்துகள் எழுப்பிவிடக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாத்திரை சாப்பிடும்போதே புதுக் காய்ச்சலோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

நிறுத்தலாமா என்றால், ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பும் என்பது ஒரு காரணம். அதைவிட உடனடியான காரணம் இன்னொன்று. நம் சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் தானே ஸ்டீராய்டு சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் கொடுத்தால் அது வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், சுரப்பி விழிக்கும் முன் உடம்பில் ஸ்டீராய்டே இல்லாமல் போய், வாந்தி, மயக்கம், பிரஷர் அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். படிப்படியாகக் குறைப்பது சுரப்பியை மெல்லத் தட்டி எழுப்பத்தான். வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றாலோ, வேறு ஏதாவது ஆபரேஷன் என்றாலோ, 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறாள்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அரசுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பொறுப்போடு நடத்துகிறவர்களைத் தெரியும். ஆனால் சுருங்கிக்கொண்டிருக்கும் பெருந்தமனியை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குச் சோதித்து நிறுவப்பட்ட மருந்து அதில் இதற்கென்று இல்லை. லேபிள் இல்லாத பொட்டலப் பொடிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மூட்டுவலிக்குப் 'பச்சிலைப் பொடி' என்று வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு ஸ்டீராய்டு முகம் வந்ததைப் பார்த்திருக்கிறோம். அதாவது ஸ்டீராய்டுக்குப் பயந்து போய், அளவு தெரியாத ஸ்டீராய்டையே சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டைக் குறைக்கத்தான் துணைமருந்து சேர்க்கிறோம். மெத்தோட்ரெக்ஸேட், அசதயோப்ரின், மைக்கோஃபினலேட் போன்றவை. இவை வேலைசெய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தால் ஒன்றை மனதில் ஆணியடித்து வையுங்கள்: அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையையே வற்றவைத்துவிடும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. 'வியாழக்கிழமை மாத்திரை' என்று கிழமையோடு சேர்த்துப் பெயர் வைத்துவிடச் சொல்வேன். மறுநாளோ மருத்துவர் சொன்ன நாளிலோ ஃபோலிக் அமிலம். மாதாமாதமும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்களும் ஈரலும் பரிசோதனை. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப், டோசிலிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. விலை கூடுதல், ஆனால் பலருக்கு நல்ல பலன். டோசிலிசுமாப் போட்டால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு, நோய் அடங்கினாலும் அடங்காவிட்டாலும் இறங்கிவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

எண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு அழற்சி அளவுகளும் நார்மலாக இருக்கும்போதே சுவரில் அழற்சி நடந்துகொண்டிருக்கலாம். மறுபக்கம், சாதாரண சளிக்காய்ச்சலிலும் அவை ஏறும். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவுகட்டாதீர்கள். நாங்கள் பார்ப்பது, புதிதாக எங்காவது நாடி குறைந்திருக்கிறதா, கழுத்திலோ வயிற்றிலோ ஸ்டெதஸ்கோப் வைத்தால் புதிதாக 'உஷ்' என்ற சத்தம் கேட்கிறதா, ஸ்கேனில் சுவர் தடித்திருக்கிறதா என்பவற்றைச் சேர்த்து. கழுத்துத் தமனியை டாப்ளரில் பார்த்தால் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து மக்ரோனி துண்டு போலத் தெரியும். கொழுப்பு அடைப்பு அப்படிச் சீராக இருக்காது, ஒருபக்கமாகப் படியும். தேவைப்பட்டால் எம்.ஆர். ஆஞ்சியோ, பெட் ஸ்கேன். நோயின் வேகத்தைக் கணக்கிட நம் நாட்டு மருத்துவர்களே சேர்ந்து ஐ.டி.ஏ.எஸ். 2010 என்ற மதிப்பெண் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், வெளிநாடுகளிலும் பயன்படுகிறது. வேலூர் சி.எம்.சி.-யின் பங்கு அதில் பெரியது.

பிரஷர் மாத்திரையில் ஒரு நுணுக்கம். எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் நல்லவை, ஆனால் இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருந்தால் அவை சிறுநீரக வேலையையே தடுக்கக்கூடும். தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொன்னால் அலட்சியம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்ட பிரஷர் மாத்திரையை இந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கவே கூடாது. சாப்பாட்டில் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. அரிசிம்பருப்பு சாதம், ராகிக் களி, கொள்ளு, கீரை, முட்டை எல்லாம் தாராளமாக. உப்பு மட்டும் கம்மி, அதாவது ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் வேண்டாம்.

கல்யாணம். பண்ணலாம். இது தொற்றுநோய் இல்லை. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும் நோயும் இல்லை, எச்.எல்.ஏ.-பி52 என்ற மரபணுக் கூறு உள்ளவர்களுக்குச் சற்றே வாய்ப்புக் கூடுதல், அவ்வளவுதான், அந்தக் கூறு உள்ளவர்களில் மிகப்பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டிவரும். பிறகு சாப்பிடாமலேயே விடுவாள். கல்யாணத்துக்குப் பின் நோய் முற்றிவந்த பெண்களில் பலருடைய கதை இதுதான். இரண்டாவது, கர்ப்பத்தைத் திட்டமிட வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபினலேட்டும் கருவைச் சிதைப்பவை; மெத்தோட்ரெக்ஸேட்டை வழக்கமாகக் கருத்தரிப்பதற்கு 3 மாதம் முன்பே நிறுத்தி, கர்ப்பத்தில் பாதுகாப்பான அசதயோப்ரினுக்கு மாற்றுவோம். நோய் ஆறு மாதமாவது அமைதியாக இருந்து, பிரஷரும் கட்டுக்குள் இருந்தால், பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறுவதுதான் முதன்மையான ஆபத்து. அதனால் மகப்பேறு மருத்துவரும் வாத நோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடத்தில்தான் பிரசவம் பார்க்கவேண்டும்.

முழுசாகக் குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குத் தெரியும். அடக்கலாம், நீண்டகாலம் அமைதியாக வைக்கலாம். சிலருக்கு மருந்தையே நிறுத்தமுடிகிறது. பலருக்குக் குறைக்கும்போது ஒருமுறையாவது நோய் தலைதூக்கும். அப்போது அளவைக் கூட்டி மறுபடி இறங்குவோம். தழும்பாகிவிட்ட சுருக்கம் மருந்தால் திறக்காது. மருந்து செய்வது அடுத்த சுருக்கம் வராமல் காப்பது. ஆகவே இடது கை நாடி திரும்பி வரவில்லையே என்று மருந்தை வெறுக்காதீர்கள்.

தமனி அழற்சி என்பது இது ஒன்று மட்டும் இல்லை. படிக்கிறவர்கள் வீட்டில் வேறு யாருக்காவது உதவக்கூடும் என்பதால் மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடித்து நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் போல, கை கால் வீக்கம் என்றால் கவாசாகி நோயாக இருக்கலாம். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இதயத் தமனி புடைப்பதைப் பெருமளவு தடுத்துவிடலாம். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு அந்தப் பாதிப்பு வரலாம். ஐம்பது தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பொட்டுப்பக்கத் தலைவலி, தலைசீவினால் வலி, மெல்லும்போது தாடை கடுப்பு, பார்வை மங்குவது என்றால் அது பெருஞ்செல் தமனி அழற்சியாக இருக்கலாம். நம் நாட்டில் குறைவு, ஆனால் பார்வை போனால் திரும்பாது. பயாப்ஸிக்குக் (திசுச் சோதனை) காத்திருக்காமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கவேண்டும்.

மூன்றாவது, பர்ஜர் நோய். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டு, தூக்கம் விரட்டப் பீடி மேல் பீடியாகப் பிடிக்கும் முப்பது வயதுக்காரர்கள் கால் கட்டைவிரல் கறுத்து வருவார்கள். நடந்தால் பாதம் கடுக்கும், ராத்திரி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்குச் சிறந்த சிகிச்சை ஒன்றுதான்: புகையிலையை முழுசாக விடுவது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாமே. பத்தை ஐந்தாகக் குறைத்தால் போதாது. அறவே விட்டவர்களில் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் அக்கா மகள் புகைப்பவள் இல்லை. ஆனால் வீட்டுக்குள் யாராவது பிடித்தால் அவள் தமனிக்கும் அது கெடுதல். வாசலுக்கு வெளியே போகச் சொல்லுங்கள்.

செலவு விஷயம். கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிடித்தால் பரிசோதனையும் மருந்தும் அதில் கிடைக்க வழி உண்டு, விடுப்புக்குச் சம்பளப் பகுதியும் கிடைக்கும். இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பிரட்னிசலோனும் மெத்தோட்ரெக்ஸேட்டும் விலை மலிவான மருந்துகள். பணத்துக்காக இவை நிற்கவேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

வேலைக்குத் திரும்பலாமா என்று அவள் கேட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். காய்ச்சலும் அசதியும் அடங்கி, பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு தாராளமாகப் போகட்டும். செக்கிங் மேசை அவள் இடுப்புயரத்துக்கு இருக்கும்படியும், தலைக்கு மேல் கை தூக்கி எடுக்கும் வேலை இல்லாதபடியும் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். ரத்தம் எடுக்க, ஊசி குத்த யார் வந்தாலும் எந்தக் கை என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில், பிரஷர் வரிக்குக் கீழேயே எழுதிவையுங்கள். நோட்டு அவள் கைப்பையில் இருக்கட்டும், வீட்டு அலமாரியில் வேண்டாம்.